வீட்டில் கிட்டார் ரெக்கார்டிங்: தாமதம் தெரியாத ஆடியோ இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கம்பியை மீட்டும் கணத்துக்கும் அந்த ஒலி ஹெட்ஃபோன் வழியே காதை எட்டும் கணத்துக்கும் இடையிலான இடைவெளிதான் லேட்டன்சி. கிட்டாரின் சிக்னல் இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) டிஜிட்டலாக மாறி, கணினியில் இருக்கும் ஆம்ப் சிமுலேட்டருக்குள் (ஆம்ப்பின் ஒலியை உருவாக்கும் மென்பொருள்) புகுந்து, மறுபடி அனலாகாகி ஹெட்ஃபோனுக்கு வருகிறது. இந்த முழுச் சுற்றுக்கும் ஆகும் நேரத்தை ரவுண்ட் ட்ரிப் லேட்டன்சி என்பார்கள். கிட்டாருக்காக இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அச்சிடாத எண்ணும் இதுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் வைத்து, வாசிக்கும்போது தாமதம் தெரியுமா தெரியாதா என்று சொல்லவே முடியாது.

எத்தனை மில்லிசெகண்ட் வரை தாங்கும்? ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர். ஆம்ப்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கு ஒலி 9 மில்லிசெகண்ட் கழித்துத்தான் கேட்கிறது, அது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆகவே ஹெட்ஃபோனில் மொத்தச் சுற்று 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 6-க்குக் கீழே வந்தால் வேகமான பாம் மியூட்டிங், ஃபங்க் ஸ்ட்ரம்மிங் எல்லாமே இயல்பாக விரலோடு ஒட்டி வரும். 15-ஐத் தாண்டினால் கை தானாகவே பீட்டுக்கு முன்னால் ஓட ஆரம்பிக்கும். டேக்கைத் திரும்பக் கேட்கும்போதுதான் அது வெளியே தெரியும்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்

உங்கள் கிட்டார் டோன் எங்கே உருவாகிறது? ஆம்ப்புக்கு முன் மைக் வைத்து எடுக்கிறீர்கள், அல்லது மல்டி எஃபெக்ட்ஸ் பெடலிலிருந்து நேராக லைன் இன்புட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் டோன் கணினிக்கு வெளியிலேயே தயாராகிவிடுகிறது. இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் பட்டனை அழுத்தினால் இன்புட் கணினிக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அங்கே தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இவர்கள் லேட்டன்சிக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

யூஎஸ்பி வசதி உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் தனி இன்டர்ஃபேஸே தேவைப்படாமல் போகலாம். லைன் 6 ஹீலிக்ஸ் வரிசை போன்றவை இன்டர்ஃபேஸாகவே வேலை செய்யும். டோனைப் பெடலிலிருந்தே கேட்டுக்கொண்டு, எஃபெக்ட் சேராத சுத்தமான சிக்னலைத் தனிச் சேனலில் பதிவு செய்யவும் முடியும். மைக்கில் பாடவும் வேண்டும் என்றால் அந்தப் பெடலில் மைக் இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகி, நியூரல் ஆம்ப் மாடலர், ஆம்ப்ளிடியூப், கிட்டார் ரிக் மாதிரியான ஆம்ப் சிமுலேட்டர் பிளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) வழியாகக் கேட்டபடியே வாசிப்பவர்களுக்குத்தான் இனி வரும் விஷயங்கள் உயிர்நாடி.

நேரம் எங்கே கரைகிறது

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாளாது. ஒலியின் அளவீடுகள் (சாம்பிள்கள்) ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், நிறையும் வரை காத்திருந்து, மொத்தமாக எடுத்து வேலை செய்து, இன்னொரு பஃபர் வழியாக வெளியே அனுப்பும். கணக்கு எளிது: சாம்பிள் எண்ணிக்கையை சாம்பிள் ரேட்டால் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) வகுக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.67 மில்லிசெகண்ட். உள்ளே ஒரு பஃபர், வெளியே ஒரு பஃபர், ஆக 5.33. இதே இரண்டு பஃபரும் சேர்ந்து 64 என்றால் 2.67, 256 என்றால் 10.67.

இதோடு முடிந்தால் எல்லா இன்டர்ஃபேஸும் ஒன்றாகவே இருந்திருக்கும். அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கும், டிஜிட்டலிலிருந்து அனலாகுக்கும் மாற்றும் சில்லுகள் இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல், ஒலி அறுந்துவிடாமல் இருக்க டிரைவர் (சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) தன் பங்குக்கு மறைவாக ஒரு பாதுகாப்புப் பஃபரை வைத்திருக்கும். செட்டிங்ஸில் ஒரே 64 சாம்பிள் காட்டும் இரண்டு இன்டர்ஃபேஸ்களில் ஒன்று 5 மில்லிசெகண்டும் மற்றது 11 மில்லிசெகண்டும் எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மறைவான பஃபர்தான்.

சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸாக்கினால் அதே 128 சாம்பிள் பாதி நேரத்தில் நிறையும். ஆனால் பிராசசரின் வேலை இரட்டிப்பாகும். ஆம்ப் சிமுலேட்டர் ஏற்கெனவே கனமான பிளக்இன். நியூரல் ஆம்ப் மாடலருக்குக் கிடைக்கும் மாடல்கள் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் பயிற்சி கொடுக்கப்பட்டவை, வேறு ரேட்டில் ஓட்டினால் உள்ளுக்குள் ரீசாம்பிளிங் நடக்கும். 48-லேயே இருந்து பஃபரைக் குறைப்பதுதான் நம் பரிந்துரை.

டிரைவரைப் பார்த்து வாங்குங்கள்

விண்டோஸில் குறைந்த லேட்டன்சிக்கு வழி ஆசியோ டிரைவர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய முறை இது. விண்டோஸின் வழக்கமான ஒலிக் கலவையைத் தாண்டி, ரெக்கார்டிங் மென்பொருள் நேரடியாக இன்டர்ஃபேஸோடு பேச இது வழி செய்கிறது. இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தன் சாதனத்துக்கென எழுதிக் கொடுத்த ஆசியோ டிரைவர் இருக்கிறதா? வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஆசியோ4ஆல் என்பது வேறு. அது விண்டோஸின் சாதாரண டிரைவர் மேல் போர்த்திய ஓர் உறை. லேப்டாப்பின் சவுண்ட் கார்டை அவசரத்துக்கு ஓட்ட உதவும். ஒரு இன்டர்ஃபேஸின் தயாரிப்பாளரே 'ஆசியோ4ஆல் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னால், அந்தச் சாதனத்துக்குச் சொந்த டிரைவர் இல்லை என்று பொருள். பெரிங்கர் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். யூஎம்சி22, யூஎம்சி202எச்டி இரண்டும் கடை அலமாரியில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சின்னது 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்பது, விண்டோஸில் ஆசியோ4ஆலை நம்பியிருப்பது. 202எச்டிக்கு நிறுவனத்தின் சொந்த ஆசியோ டிரைவர் உண்டு. விலை வித்தியாசம் சொற்பம், வாசிக்கும்போது தெரியும் வித்தியாசம் பெரிது. பட்ஜெட் மிகக் குறைவு என்றாலும் அந்த ஒரு படி மேலே போய்விடுங்கள்.

வாங்கும் முன் தயாரிப்பாளரின் டவுன்லோட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரைவர் கடைசியாக எப்போது வெளியானது, உங்கள் விண்டோஸ் பதிப்பு பட்டியலில் இருக்கிறதா, பஃபர் எவ்வளவு வரை இறங்குகிறது என்பவற்றைக் கவனியுங்கள். 32 அல்லது 64 வரை இறங்க வேண்டும். யூடியூபில் பேக்கிங் டிராக்கை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிப்பவர் என்றால், ஆசியோ ஓடும்போதே விண்டோஸ் ஒலியும் அதே ஹெட்ஃபோனில் கேட்குமா என்றும் பாருங்கள். சில டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கும்.

மேக்கில் ஆப்பிளின் சொந்த ஒலி அமைப்பான கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தலைவலி மிகக் குறைவு. எந்த நல்ல இன்டர்ஃபேஸும் செருகியவுடன் நியாயமான லேட்டன்சியில் ஓடும்.

யூஎஸ்பி சி, யூஎஸ்பி 3 என்ற விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இரண்டு சேனலுக்கு ஒரு திசையில் விநாடிக்கு 2.3 மெகாபிட்தான் தேவை. யூஎஸ்பி 2.0-வின் கொள்ளளவு 480 மெகாபிட். குறைந்த லேட்டன்சிக்குப் பெயர்பெற்ற ஆர்எம்இ நிறுவனத்தின் பேபிஃபேஸ் ப்ரோ எஃப்எஸ் ஓடுவதும் யூஎஸ்பி 2.0-வில்தான். அதன் சிறப்பு, யூஎஸ்பி பகுதியையும் டிரைவரையும் அந்த நிறுவனம் சொந்தமாக எழுதி வருடக்கணக்கில் பராமரிப்பதில் இருக்கிறது.

கிட்டாருக்கான இன்புட்

பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி இருக்கிறது. மல்டிமீட்டரில் 7 அல்லது 8 கிலோஓம் என்று காட்டினாலும், உயர் அதிர்வெண்களில் அதன் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான தடை) பல மடங்கு ஏறிவிடும். இதைச் சுமார் 10 கிலோஓம் உள்ள லைன் இன்புட்டில் செருகினால் ட்ரெபிள் கரைந்து, போர்வை போர்த்தியது போன்ற ஒலி வரும். இன்ஸ்ட் அல்லது ஹை-இசட் என்று குறித்த இன்புட் வேண்டும், அதன் இம்பிடன்ஸ் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் 1 மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். வால்வ் ஆம்ப்புகளின் இன்புட்டும் அதே அளவுதான். பிளக்இன்கள் எதிர்பார்ப்பதும் அதையே. கேபிளும் இதில் பங்கு கொள்கிறது: சாதாரண கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் ஒட்டிக் கெபாசிட்டன்ஸ் இருக்கும். மேஜை அருகே உட்கார்ந்து வாசிக்க 3 மீட்டர் போதும், 10 மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு டோன் மங்கிவிட்டது என்று தேட வேண்டாம்.

அடுத்தது ஹெட்ரூம். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் தாங்கும் அதிகபட்ச அளவை டிபியூ (சிக்னலின் மின்னழுத்த அளவு) அலகில் கொடுத்திருப்பார்கள். சிக்னல் பலமாக வரும் ஹம்பக்கர் பிக்கப் வைத்திருப்பவர்கள் +10 டிபியூவுக்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். +12 என்றால் நிம்மதி. இது குறைவாக இருந்தால் கெயின் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கும்போதே சிவப்பு விளக்கு எரியும், பிக்கப்பைத் தாழ்த்துவது தவிர வேறு வழியில்லாமல் போகும்.

இன்புட்டின் அடி இரைச்சலும் முக்கியம், குறிப்பாக மெட்டல் வாசிப்பவர்களுக்கு. ஹை கெயின் ஆம்ப் மாடல் சிக்னலைப் பல மடங்கு பெருக்கும்போது, இன்புட்டில் காதுக்கே எட்டாத 'ஸ்ஸ்' சத்தமும் கூடவே பெருகும்.

எந்த மாடல் யாருக்கு

குறைந்த செலவில் தொடங்க யூஎம்சி202எச்டி. அடுத்த நிலையில் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2. நான்காம் தலைமுறை 2ஐ2-வில் லெவலைத் தானாக அமைக்கும் ஆட்டோ கெயின், சிக்னல் எல்லை மீறாமல் காக்கும் கிளிப் சேஃப் இரண்டும் இருப்பதால் லெவல் வைக்கத் தெரியாத புதியவருக்கு நல்ல துணை. கிட்டாரைத்தான் முக்கியமாக எடுப்பேன், மைக் ஒன்று போதும் என்பவர் ஆடியன்ட் ஐடி4 எம்கே2-வைப் பாருங்கள். முன்பக்கத்தில் ஜேஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) வைத்த தனி டிஐ இன்புட் (கிட்டாரை நேராகச் செருகும் இடம்) கிட்டாருக்கென்றே கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விலை வட்டத்தில் லேட்டன்சிக்காக மட்டும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மோட்டு எம்2. 96 கிலோஹெர்ட்ஸ், 32 சாம்பிளில் 2.5 மில்லிசெகண்ட் வரை இறங்கும் என்று மோட்டு வெளிப்படையாகவே எண்ணைப் போடுகிறது. 48-ல் 64 வைத்தாலும் வசதியாக வாசிக்கலாம். முன்பக்கத் திரையில் இன்புட், அவுட்புட் லெவல்கள் ஓடுவது தினசரிப் பயன்பாட்டில் பெரிய உதவி.

பட்ஜெட் தாராளமாக இருந்தால் பேபிஃபேஸ் ப்ரோ எஃப்எஸ். யுனிவர்சல் ஆடியோவின் அப்போலோ வரிசை வேறு வழியில் போகிறது: ஆம்ப் பிளக்இன் இன்டர்ஃபேஸுக்கு உள்ளேயே இருக்கும் சில்லில் ஓடுவதால் கணினியின் பஃபர் 1024-ல் இருந்தாலும் வாசிப்பவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில்லில் அதற்கென எழுதிய யூஏடி பிளக்இன்கள் மட்டுமே ஓடும். உங்களுக்குப் பிடித்த ஆம்ப் சிமுலேட்டர் வேறு நிறுவனத்துடையது என்றால் இந்த வசதி அதற்குக் கிடைக்காது.

செகண்ட் ஹேண்டில் ஃபயர்வயர் சாதனங்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தொட வேண்டாம், இன்றைய லேப்டாப்பில் செருகவே இடமில்லை.

வாங்கியவுடன் அளப்பது

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஓபிளிக் ஆடியோவின் ஆர்டிஎல் யூட்டிலிட்டி என்ற சின்ன மென்பொருள் போதும்.

1. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வால்யூமைப் பூஜ்ஜியமாக்குங்கள். டைரக்ட் மானிட்டர், லூப்பேக் (கணினியின் ஒலியை இன்புட்டுக்கே திருப்பும் வசதி) இரண்டையும் அணையுங்கள். அணைக்காவிட்டால் ஊளைச் சத்தம் கிளம்பும், அல்லது எண் தப்பாக வரும்.
2. இன்ஸ்ட் பட்டனை அணைத்துவிட்டு, லைன் அவுட்புட் 1-லிருந்து இன்புட் 1-க்கு ஒரு டிஆர்எஸ் கேபிளைப் போடுங்கள். கெயின் குறைவாக இருக்கட்டும்.
3. மென்பொருளில் உங்கள் இன்டர்ஃபேஸின் ஆசியோ டிரைவரையும் 48 கிலோஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.
4. 32, 64, 128, 256 என ஒவ்வொரு பஃபருக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தால் மேல் வலது மூலையில் சாம்பிள் ரேட், பஃபர், இன்புட், அவுட்புட் லேட்டன்சி எல்லாம் ஒரே வரியில் தெரியும். அங்கே காட்டும் இரண்டு லேட்டன்சியையும் கூட்டுங்கள். நீங்கள் அளந்த எண்ணோடு ஒத்துப்போனால் டிரைவர் உண்மை சொல்கிறது. அளந்தது அதிகமாக இருந்தால், பதிவாகும் டேக் ஒவ்வொன்றும் அந்த வித்தியாசம் அளவுக்குப் பின்தள்ளி உட்காரும். 2 மில்லிசெகண்ட் வித்தியாசம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 96 சாம்பிள். ரீப்பரின் ரெக்கார்டிங் செட்டிங்ஸில் இருக்கும் மேனுவல் ஆஃப்செட்டில் அதைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

64 சாம்பிளில் 8 மில்லிசெகண்டுக்குள் வரவில்லை என்றால் மாற்றிக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். ஆனால் எண் நன்றாக இருந்தும் ஒலி படபடவென்று வெடித்தால் பழி பெரும்பாலும் கணினி மேல்.

விண்டோஸைத் தயார் செய்தல்

சார்ஜரைப் போட்டே வாசியுங்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக அல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸிலும் ரெக்கார்டிங் மென்பொருளிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும்.

அதன் பிறகும் வெடிப்பு நிற்காவிட்டால் லேட்டன்சிமான் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்ஸ் பக்கத்தில் அதிக நேரம் எடுத்த கோப்பு எது என்று பாருங்கள். என்டிஐஎஸ் என்று பெயர் தொடங்கினால் வைஃபை காரணம், ரெக்கார்டிங் நேரத்தில் அணைத்து வைக்கலாம். என்விஎல்டிடிஎம்கேஎம் என்றால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர், அதைப் புதுப்பிக்க வேண்டும். ஏசிபிஐ என்றால் லேப்டாப்பின் பேட்டரி கண்காணிப்பு அவ்வப்போது குறுக்கிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் பகுதியில் உள்ள ஏசிபிஐ கண்ட்ரோல் மெத்தட் பேட்டரியை முடக்கினால் பல லேப்டாப்களில் இது அடங்கும். முடக்கியபின் பேட்டரி அளவு திரையில் தெரியாது, ரெக்கார்டிங் முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்கிவிடுங்கள்.

லெவல் வைப்பதற்கு, கெயினைக் குறைந்தபட்சத்தில் தொடங்கி, உங்களால் முடிந்த பலமான ஸ்ட்ரம்மிங்கில் மீட்டர் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்இன் தயாரிப்பாளர் இன்புட் அளவீடு பற்றித் தனியாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பதிவாவது எஃபெக்ட் சேராத சுத்தமான சிக்னலாக இருக்கட்டும், ஆம்ப் டோனைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எல்லா டிராக்கும் எடுத்து முடித்து மிக்ஸிங்குக்குப் போகும்போது பஃபரை 512 அல்லது 1024-க்கு ஏற்றிவிடுங்கள்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

இரண்டு கிட்டார் கேட்கிறது, ஒன்று சுத்தமாக, ஒன்று சற்றுப் பின்னால் டிஸ்டார்ஷனோடு: டைரக்ட் மானிட்டர் இயங்குகிறது. ஆம்ப் சிமுலேட்டர் வழியாகக் கேட்கும்போது அது அணைந்திருக்க வேண்டும்.

நேற்று வரை சரியாக இருந்த ப்ராஜெக்ட் இன்று இழுக்கிறது: மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ லுக்அஹெட் உள்ள லிமிட்டரோ சேர்ந்திருக்கும். அவை ஆயிரக்கணக்கான சாம்பிள் தாமதத்தைக் கேட்கும், மென்பொருள் மற்ற எல்லா டிராக்கையும் அதற்கேற்பக் காத்திருக்க வைக்கும். பஃபரைக் குறைத்துப் பயனில்லை. வாசித்து முடிக்கும் வரை அவற்றை பைபாஸ் செய்யுங்கள்.

மவுஸை நகர்த்தும்போது மாறும் மெல்லிய கீச்சொலி: யூஎஸ்பியின் கிரவுண்ட் வழியாக வரும் இரைச்சல். வேறு போர்ட், பிறகு சொந்த அடாப்டர் உள்ள ஹப் என்று முயலுங்கள். இந்தக் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்குவதானால் 480 மெகாபிட் வேகம் தாங்குவதா என்று உறுதிசெய்யுங்கள். மலிவாகக் கிடைக்கும் பல ஐசொலேட்டர்கள் 12 மெகாபிட்டோடு நின்றுவிடுபவை, அவற்றில் யூஎஸ்பி 2.0 இன்டர்ஃபேஸ் சரியாக ஓடாது.

'ம்ம்ம்' என்ற கனத்த ஹம்: சிங்கிள் காயில் பிக்கப் என்றால் அறையில் திரும்பி உட்கார்ந்து பாருங்கள். திசைக்கேற்பக் கூடிக் குறைந்தால் அது காற்றில் வரும் 50 ஹெர்ட்ஸ், மானிட்டரிலிருந்தும் அடாப்டர்களிலிருந்தும் தள்ளிப் போனால் குறையும். திசை மாற்றியும் மாறாமல், லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் காரணம் மின் இணைப்பில் இருக்கிறது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருப்பது சகஜம். கிட்டார் கம்பியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். ஹம் போவதற்காக சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பதோ, இரண்டு பின் அடாப்டர் போட்டு மறைப்பதோ கூடவே கூடாது.